ஊவாத் தோட்டங்களில் பேரும் எண்ணும்

ஒருவனை இன்னான் என அறிதல் சிற்றூரிலே எளிது. அவன் முகத்தை அறிவாரும், தந்தையை அறிவாரும், குடியிருக்கும் தெருவை அறிவாரும் அங்கே பலர் உளர். அரசு விரிந்து, ஆளை ஒருபோதும் காணாத அலுவலர் ஏட்டைக் கொண்டு மட்டும் ஆளை அறியும் நிலை வந்தவுடன், அறிதல் என்பது பொருத்துதல் ஆகிவிடுகிறது. ஓர் ஏட்டிலுள்ள பெயரும் மற்றோர் ஏட்டிலுள்ள எண்ணும் ஒருவனையே குறிக்கின்றன என்று எவரேனும் உறுதி செய்தல் வேண்டும். அவ்வுறுதி கிடைக்கும்வரை சம்பளமும் சேமிப்பும் வாக்கும் பிரசாவுரிமையும் அவனுக்கு எட்டாப் பொருள்களே. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றை இந்நோக்கிற் காணின், இதுகாறும் தனித்தனியே பேசப்பட்ட பல நிகழ்ச்சிகள் ஒரே கயிற்றிற் கோத்தவையாகத் தோன்றும்.

இச்சிக்கலை விளக்க இக்காலத்துக் கணினி வலையமைப்பு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். பலர்க்குரிய கோப்புகளைச் சேமித்து வழங்கும் கணினி, கோப்புச் சேவையகம் எனப்படும். யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில், கோப்புக்கு உரியவரின் பெயர் அதன்மீது எழுதப்படுவதில்லை. அவருக்குரிய ஓர் எண்ணும், அவர் சார்ந்த குழுவின் எண்ணுமே குறிக்கப்படுகின்றன. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய வலையமைப்புக் கோப்பு முறையும் இவ்வெண்களையே கணினிக்குக் கணினி அனுப்பிற்று. சேவையகம் ஒன்றாயின் இதனால் இடர் இல்லை. பல சேவையகங்களை இணைத்து ஒன்றேபோல் இயங்கச் செய்யும்போதுதான் இடர் தோன்றும். ஓரிடத்தில் 1001 என்ற எண் ஒருவரைக் குறிக்க, அடுத்த இடத்தில் அதே எண் வேறொருவரைக் குறிக்கலாம். அப்போது அயலான் உரியவன் ஆகிறான். ஒருவருக்கே ஈரிடத்தும் ஈரெண்கள் அமையலாம்; அப்போது உரியவன் அயலான் ஆகிறான். எந்த எண்ணுக்கும் எவரோடும் பொருத்தம் காணப்படாதவழி, அமைப்பு அவருக்கு ‘ஒருவருமிலர்’ எனப் பொருள்படும் பெயரை இட்டு ஒதுக்கிவிடுகிறது. இம்மூன்று பிழைகளும் நேராதபடி எல்லாச் சேவையகங்களும் ஒரே பொருத்த அட்டவணையைக் கைக்கொள்ளல் வேண்டும். அவ்வட்டவணையை ஆக்கிக் காப்பது அமைப்பை நடத்துவோரின் கடமை. பயன்படுத்துவோரின் கடமை அன்று. இவ்விறுதி வாக்கியத்தை நினைவில் இருத்திக்கொண்டு ஊவா மலைகளுக்குச் செல்வோம்.

கூட்டமும் கங்காணியும்

ஊவா 1886ஆம் ஆண்டு தனி மாகாணமாக்கப்பட்டது. பதுளை அதன் தலைநகராயிற்று. அதற்கு முன்னரே ஆப்புத்தளை, பசறை, மடுல்சீமை முதலிய மலைச்சாரல்களில் கோப்பிப் பயிர் பரவியிருந்தது. இலங்கைக் கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதற் காணப்பட்டதும் மடுல்சீமைப் பகுதியிலேயாம். கோப்பி மடியத் தேயிலை எழுந்தது. பருவத்துக்கு வந்து மீண்ட தொழிலாளரும் குடும்பத்தோடு நிலைத்து வாழத் தலைப்பட்டனர். புகையிரதப் பாதையோ 1924ஆம் ஆண்டுதான் பதுளையை எட்டிற்று.

தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் தனியாளாக வந்தாரல்லர். கங்காணியின் கூட்டத்துள் ஒருவராக வந்தார். பெரிய கங்காணியின் கீழ்ச் சில்லறைக் கங்காணிமார் பலர். அவர் ஒவ்வொருவர் கீழும் உறவினரும் ஊரவருமாகிய சிலர். துரைக்குத் தெரிந்தது கூட்டமேயன்றி ஆள் அன்று. முற்பணமும் கூட்டத்தின்மேல் எழுதப்பட்டது. தோட்டம் மாறுவதாயினும் கூட்டமே மாறிற்று. கணினி மொழியிற் கூறின், குழுவெண் இருந்தது, ஆளெண் இல்லை.

1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் இந்நிலையைச் சிறிது மாற்றிற்று. தோட்டத்துச் செக்றோலில் எவன் பெயர் பதியப்பட்டிருக்கிறதோ, எவன் அரிசியோ பணமோ முற்பணமாகப் பெற்றானோ, அவன் மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்துக்கு உட்பட்டவனாகக் கருதப்பட்டான். கையொப்பமிட்ட உடன்படிக்கை வேண்டப்படவில்லை. ஏட்டில் ஏறிய பெயரே உடன்படிக்கையாயிற்று. பெயரை எழுதியவர் கணக்கப்பிள்ளை. எழுதப்பட்டவருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். தம் பெயர் எவ்வாறு எழுதப்பட்டது என்பதை அவர் அறிய வழியில்லை.

துண்டும் தகடும்

கூட்டம் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெயர வேண்டின், ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு கடன் தீர்க்கப்படின் இக்கங்காணியையும் இவன் ஆட்களையும் விடுவிப்பேன் எனத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. புதிய தோட்டத்துத் துரை அத்தொகையைச் செலுத்துவார். அது புதிய தோட்டத்துக் கணக்கிற் கடனாக ஏறும். ஆகவே ஒரு தோட்டத்து ஏட்டையும் மற்றொரு தோட்டத்து ஏட்டையும் இணைத்த முதற் பொருத்தச் சீட்டு இதுவே எனலாம். ஆயின் அது பொருத்தியது ஆளை அன்று, கடனை. தோட்டந்தோறும் ஆளின் பெயர் மாறினும் கேட்பாரில்லை. கடன்தொகை மாறின் மட்டும் கேள்வி எழுந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

1901ஆம் ஆண்டளவிற் புகுந்தது தகர முறை. இந்தியாவில் ஆள் சேர்க்கப்படும் இடத்திலேயே ஒரு சிறு தகரத் தகடு அளிக்கப்படும். தோட்டத்தின் பதிவெண்ணும் ஆளுக்குரிய எண்ணும் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். அதனைக் கழுத்திற் கட்டிக்கொண்டு வருபவனை, வழியிலுள்ள அலுவலர் ஒரு சொல்லும் வினவாது உரிய தோட்டத்துக்கு அனுப்புவர்; வழிச்செலவு அத்தோட்டத்தின் பற்றில் எழுதப்படும். 1904இல் திருச்சிராப்பள்ளியில் அமைந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையகமும், நோய்த்தடுப்புக்காக வருவோரைத் தங்கவைத்த மண்டபம் முகாமும் பிற்காலத்தில் இவ்வழியை மேலும் ஒழுங்குபடுத்தின.

தகடு செலவுக் கணக்குக்கு மிகப் பொருத்தமானது. ஆளடையாளத்துக்கோ அது மிகப் பொருத்தமற்றது. தகடு கைமாறின் கணக்கில் ஆளும் மாறுவான். எண்ணுக்கும் மனிதனுக்கும் இடையே கட்டப்பட்டிருந்தது ஒரு கயிறு மட்டுமே. மேலே கூறிய மூன்று பிழைகளுள், ஓரெண் வேறொருவரைக் குறிக்கும் பிழைக்கு இம்முறையே வாயில் திறந்து வைத்தது.

‘பேர்’ என்னும் சொல்

தோட்டத்து வழக்கில் ‘பேர்’ என்பதற்கு ஒரு நாள் வேலையென்பதும் பொருள். காலையிற் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணப்படும். மாலையிற் கொழுந்து நிறுக்கப்படும். குறித்த நிறை இருப்பின் முழுப்பேர், குறையின் அரைப்பேர். ‘இன்று எனக்கு அரைப்பேர்தான் போட்டார்கள்’ என்று ஒரு பெண் சொல்லும்போது, அவள் சம்பளத்தைப் பற்றியே சொல்கிறாள். எனினும் அச்சொல்லிலே ஒரு வரலாறு உறைந்துள்ளது. ஏட்டிற் பெயர் எழுதப்படுதலே கூலி, எழுதப்படாமை பட்டினி. ஒருவரின் பெயரையே பாதியாக்கிப் பேசும் வழக்கு, பதிவேட்டின் ஆட்சி மனிதர் நாவில் எத்துணை ஆழமாகப் பதிந்தது என்பதைக் காட்டும்.

செக்றோல் தோட்டத்துக்குள் நன்கு இயங்கிற்று. கணக்கப்பிள்ளை ஆளை நேரில் அறிவார். ஒரே பெயருடையார் இருவராயின், பெரிய, சின்ன என்ற அடைமொழியோ, தந்தை பெயரோ, லயத்தின் பெயரோ சேர்த்துப் பிரித்துக்கொள்வார். தோட்டத்துக்கே இரு பெயர்கள் இருந்தன: ஆங்கில ஏட்டில் ஒன்று, தொழிலாளர் வாயில் மற்றொன்று. பெர்குசன் வெளியிட்ட இலங்கைக் கைந்நூல்கள் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் தொகுத்துத் தந்தமை, இவ்விரு பெயர்களைப் பொருத்தும் தேவை அக்காலத்தேயே உணரப்பட்டதற்குச் சான்று. தோட்டங்களுக்குப் பொருத்த அட்டவணை அச்சிடப்பட்டது, ஆட்களுக்கு அச்சிடப்படவில்லை.

எழுத்து மாறப் பெயர் மாறுதல்

இடர் பெரும்பாலும் எழுத்திலே தோன்றிற்று. தமிழர் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ல, ள, ழ என்னும் மூன்றும் ஓரெழுத்தாகும். ர, ற என்பனவும், ந, ன, ண என்பனவும் அவ்வாறே மயங்கும். குறிலும் நெடிலும் வேறுபாடின்றி நிற்கும். அவ்வாங்கில எழுத்தை நோக்கி மற்றொருவர் மீண்டும் தமிழிலோ சிங்களத்திலோ எழுதுங்கால், வள்ளி வல்லியாகவும், பழனி பலனியாகவும், கந்தன் காந்தனாகவும் மாறுதல் இயல்பு. இதன்மேல், தந்தை பெயரைத் தன் பெயருக்கு முன் வைக்கும் தமிழர் மரபைக் குடும்பப்பெயர் வேண்டும் ஆங்கிலப் படிவம் அறியாது. ஆகவே தந்தையின் பெயர் ஒரு படிவத்தில் முன்னும், மற்றொன்றிற் பின்னும், வேறொன்றில் முதலெழுத்தாகவும் நின்றது.

எடுத்துக்காட்டாக ஒருவரைக் கற்பித்துக்கொள்வோம். ஊரில் முனியாண்டி எனப் பெயர் பெற்றவர் செக்றோலில் முனியன் ஆகிறார்; மகனின் பிறப்புச் சான்றிதழில் முனியாண்டி ராமன் ஆகிறார்; வேறொரு விண்ணப்பத்தில் ராமன் முனியாண்டி ஆகிறார். இந்நால்வரும் ஒருவரே என்பதை அவர் லயத்தில் யாரும் ஐயுறார். கொழும்பிலிருந்து ஏட்டை நோக்கும் அலுவலருக்கோ இவர் நால்வர். இங்ஙனம் ஒருவருக்குப் பல அடையாளம் என்னும் பிழை, எவர் மீதும் குற்றமின்றியே பெருகிற்று. அதன் பயன் முழுவதும் வெளிப்பட்ட காலம் சுதந்திரத்துக்குப் பிற்பட்ட காலம்.

பொருத்தம் காணப்படாதோர்

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. பதுளைத் தொகுதியில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறி, 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாதற்குத் தந்தையும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருப்பினும் போதும். நோக்குக: இச்சட்டம் வேண்டியது பிறப்பை மட்டுமன்று, இரு தலைமுறை ஏடுகளின் பொருத்தத்தை. தந்தையின் பிறப்புப் பதிவிலுள்ள பெயரும், மகனின் பதிவில் தந்தை எனக் காட்டப்பட்ட பெயரும் ஒன்றாதல் வேண்டும். எழுத்துக்கெழுத்து மாறிய பெயர்களைக் கொண்டு அப்பொருத்தத்தைக் காட்டுதல் எத்துணை அரிது என்பது சொல்லாமலே விளங்கும்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் மற்றொரு வழியைத் திறந்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வதிந்தமையை நிறுவுதல் வேண்டும். 1951 ஆகஸ்ட் 5 இறுதி நாள். ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள், 825,000 பேர் வரையினர்க்காகச் சமர்ப்பிக்கப்பட்டன. இறுதியில் உரிமை பெற்றோர் 134,000 பேர் அளவினரே. மறுப்புக்குக் காரணங்கள் பல. அரசியல் நோக்கம் அவற்றுள் முதன்மையானது என்பதை வரலாற்றாசிரியர் மறவார். எனினும் அந்நோக்கத்துக்குக் கருவியாய் அமைந்தது ஏட்டுப் பொருத்தமே. வதிவைக் காட்டும் செக்றோல் தோட்டத்தின் கையில் இருந்தது; தொழிலாளியின் கையில் இல்லை. தோட்டம் மாறியவர் பல தோட்டங்களின் ஏடுகளைத் தேடவேண்டியவரானார். ஏட்டை எழுதியவர் ஒருவர், காத்தவர் ஒருவர், அதில் உள்ள பிழைக்கு விடை சொல்லவேண்டியவர் மற்றொருவர் என்றாயிற்று.

பொருத்தம் காணப்படாதோரைக் கணினி ‘ஒருவருமிலர்’ என்றது போலச் சட்டம் ‘நாடற்றவர்’ என்றது. 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் பிரசைகளல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில், ஐந்தாண்டுக்கு முன் ஏழு உறுப்பினரை அனுப்பிய மக்கள் ஒருவரையும் அனுப்ப இயலாராயினர்.

தொகை முன்னும் ஆள் பின்னும்

1964 அக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்பாடு 975,000 பேரைப் பற்றியது. 525,000 பேர் இந்தியாவுக்கு; 300,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர்த் தீர்மானிக்கப்படும் என்றனர். 1974இல் அவ்வெஞ்சியோர் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். இவ்வுடன்பாட்டில் எண் முதலில் முடிவாயிற்று. அவ்வெண்ணுக்குரிய ஆள் பின்னரே தேடப்பட்டான். ஏழுக்கு நான்கு என்ற விகிதம் கண்ட பின், எவர் எழுவருள் ஒருவர், எவர் நால்வருள் ஒருவர் என்பது விண்ணப்பப் படிவத்தைப் பொறுத்தது. ஒரே லயத்தில், ஏன், ஒரே குடும்பத்தில், ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டும், மற்றொருவர் இலங்கைப் பிரசாவுரிமையும், வேறொருவர் எதுவுமில்லா நிலையும் எய்தினர். பதுளைப் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னாரை நோக்கிச் சென்ற குடும்பங்களை வழியனுப்பியோர் பலர் அக்குடும்பத்தவரே.

1984இல் தலைமன்னார், இராமேசுவரம் கப்பற் சேவை நின்றது. அதன்பின் இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு ஊவாவிலேயே வாழ்ந்தோர் ஏட்டில் ஓரிடத்தும், உடலால் மற்றோரிடத்தும் இருந்தனர். 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் இச்சிக்கலைப் படிப்படியாகத் தளர்த்தின. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதனைப் பெரும்பாலும் தீர்த்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவழியினர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் அச்சட்டம் பிரசாவுரிமை வழங்கிற்று. ஐம்பத்தைந்தாண்டுக்கு முன் ‘நீ யாரென நிறுவு’ என்ற அரசு, இப்போது ‘நீ இங்கு வாழ்ந்தவன்’ என்பதையே அடிப்படையாகக் கொண்டது. இம்மாற்றமே இவ்வரலாற்றின் திருப்புமுனை.

அட்டையின் ஈற்றெழுத்து

இதனிடையே மற்றோர் ஏடு தோன்றியிருந்தது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ், 1972 முதல் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. அதன் எண் வெற்றெண் அன்று. முதல் ஈரிலக்கம் பிறந்த ஆண்டு; அடுத்த மூவிலக்கம் ஆண்டில் பிறந்த நாளின் வரிசை; பெண்களாயின் அவ்வரிசையோடு 500 கூட்டப்படும்; பின்னர்த் தொடரெண்ணும் சரிபார்க்கும் இலக்கமும் வரும். ஈற்றில் ஆங்கில எழுத்தொன்று. ‘வி’ எனும் எழுத்துப் பெரும்பாலும் வாக்குரிமையுடையாரையும், ‘எக்ஸ்’ எனும் எழுத்து அஃதில்லாரையும் குறித்தது. ஆளெண்ணோடு குழுவெண்ணும் ஓரட்டையிலேயே பொறிக்கப்பட்டது என்க.

2016இல் பன்னிரண்டு இலக்கப் புதிய எண் வந்தது. பழைய எண்ணின் முன்னே 19 என்ற ஈரிலக்கத்தையும், தொடரெண்ணின் முன்னே ஒரு சுழியத்தையும் சேர்த்து, ஈற்றெழுத்தை நீக்கின் புதிய வடிவம் கிடைக்கும். இஃது அழகியதொரு பொருத்த விதி. எந்த அலுவலரும் தாமே செய்துகொள்ளலாம். அட்டையுடையாரை அழைத்து விசாரிக்க வேண்டியதில்லை. எண்ணுக்குச் செய்யப்பட்ட இவ்வுதவி பெயருக்குச் செய்யப்படவில்லை என்பதே குறை.

குழுப்பெயரும் நிலையாய் நின்றதன்று. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என முதன்முதற் பிரித்தெழுதிற்று. 1971இல் இந்தியத் தமிழர் 1,174,606 பேர். 1981இல் 818,656 பேர். 2012இல் 839,504 பேர். வீழ்ச்சிக்குத் தாயகம் திரும்பியமை பெருங்காரணம். தம்மை இலங்கைத் தமிழர் எனப் பலர் பதிந்துகொண்டமை மற்றொரு காரணம். ஆகவே இவ்வெண்களைக் கொண்டு மக்கட்டொகையை ஆராய்வோர், ஒரே குடும்பம் ஈரிடத்து எண்ணப்பட்டிருத்தல் கூடும் என்பதை மறத்தலாகாது. மலையகத் தமிழர் என்ற பெயரை இம்மக்கள் தாமே தெரிந்துகொண்டமை, பிறர் இட்ட குழுவெண்ணை நீக்கித் தம் பெயரைத் தாமே எழுதும் முயற்சியாகும்.

இன்றும் தொடரும் கடன்

பிரசாவுரிமை கிடைத்தவுடன் பொருத்தச் சிக்கல் ஒழிந்தது என்று எண்ணுதல் தவறு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியைப் பெறவரும் முதியவர், தோட்டத்து ஏட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் வேறாயிருத்தலைக் கண்டு திகைக்கிறார். வாழ்நாள் முழுதும் கொழுந்து பறித்துச் சேர்த்த பணம், ஓர் ளகரத்தைப் பற்றிய ஐயத்தினால் நின்றுவிடுகிறது. இருவரும் ஒருவரே எனச் சத்தியக் கடதாசி முடிக்கும் செலவும் அலைச்சலும் அவருடையன.

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. அப்போது காணாமற்போனோர் தொகை முதலில் நூற்றுக்கணக்கிற் சொல்லப்பட்டுப் பின்னர்ப் பெரிதும் குறைந்தது. அங்கே அன்று எவரெவர் இருந்தனர் என்பதை உடனே கூறவல்ல ஏடொன்று கைக்கெட்டவில்லை. உயிரோடு இருக்குங்கால் உரிமைக்காகத் தேடப்படும் பொருத்தம், இறந்துழி உடலுக்காகவும் தேடப்படும் என்பதை அந்நாள் உணர்த்திற்று.

2022இல் இந்திய நன்கொடையுதவியுடன் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டமொன்றுக்கு இலங்கை உடன்பட்டது. புதிய எண் பழைய ஏடுகளின் மேலேதான் எழுப்பப்படும். பழைய ஏட்டில் வள்ளியும் வல்லியும் இருவராக நிற்பின், புதிய கணினியிலும் அவர் இருவராகவே நிற்பர். ஆயின் பிழை முன்னினும் விரைவாகப் பரவும்.

இவ்வரலாறு கற்பிப்பது யாது? துண்டு முதல் அட்டை ஈறாக ஏடுகளை ஆக்கியோர் பலர். அவ்வேடுகளைப் பொருத்தும் சுமையோ எப்போதும் ஏட்டில் எழுதப்பட்டவன் தலையில் ஏற்றப்பட்டது. கோப்புச் சேவையகத்தை நடத்துவோர் தம் அட்டவணைப் பிழைக்குப் பயன்படுத்துவோரைச் சத்தியக் கடதாசி கேட்பதில்லை. இயந்திரத்துக்குக் காட்டும் நீதி மனிதர்க்கும் காட்டப்படல் வேண்டும். எழுதியவரே பொருத்துக, பொருந்தாவிடின் எழுதியவரே தேடுக.

இக்கடமையிற் பாடசாலைகளுக்கும் பங்குண்டு. தோட்டத்துப் பிள்ளையின் பெயரைச் சேர்வு இடாப்பில் எழுதும் ஆசிரியர், பிறப்புச் சான்றிதழை அருகில் வைத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துப் பிசகாது எழுதுவாராயின், அப்பிள்ளை பரீட்சைக்கு அமரும் நாளிலும், அட்டை பெறும் நாளிலும், முதுமையிற் சேமநிதி கேட்கும் நாளிலும் ஒருவராகவே நிற்பார். அன்று பெரட்டுக் களத்தில் அரைப்பேர் பெற்றவளின் பேத்திக்கு முழுப்பெயர் கிடைப்பது அவ்வேட்டிலேதான்.